ஓசையில்லாத துண்டு

மேலப்பாளையத்தில் பழைய கேம் கருவிகளைப் பழுதுபார்க்கும் தாஹிராவின் மாடி அறைக்கு ஞானசிகாமணி முதலில் போனது மகளுக்குத் துணையாகத்தான். மகள் எப்சிபாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கல்லூரியில் படிக்கிறாள். அந்த மாடியில் பழைய வீடியோ கேம் ஒன்று இருந்தது. பாட்டு ஓடும். திரையில் மேலிருந்து புள்ளிகள் விழும். புள்ளி கோட்டைத் தொடும்போது முன்னால் இருக்கும் சின்ன முரசைக் குச்சியால் அடிக்க வேண்டும். மற்றவர்கள் புள்ளியைப் பார்த்து அடித்தார்கள். எப்சிபா பாட்டைக் கேட்டு அடித்தாள். வருடா வருடம் அங்கே நடக்கும் போட்டியில் மூன்று வருடமாக அவளை யாரும் ஜெயித்ததில்லை.

துணைக்கு வந்தவர் மெல்ல அந்த வேலையைக் கற்கும் மாணவராகிவிட்டார். தாஹிராவுக்கு வயது முப்பது, அவருக்கு ஐம்பத்தெட்டு. விளையாட்டாகத்தான் "குருவே" என்று கூப்பிடத் தொடங்கினார். நாளடைவில் அதில் விளையாட்டு இல்லாமல் போயிற்று.

அந்த வருடப் போட்டி நெருங்கும்போது விளையாட்டின் சி.டி. வட்டு கீறல் விழுந்து நின்றுவிட்டது. தாஹிரா கலங்கவில்லை. வட்டு நன்றாக ஓடிய காலத்திலேயே அதைக் கணினியில் நகலெடுத்து வைத்திருந்தாள். நகல் துண்டு துண்டாக இருந்தது. விளையாட்டு ஒரு துண்டு, அதன் பின்னால் வரிசையாகப் பாட்டுகள். பழைய கருவியைப் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் எமுலேட்டருக்கோ முழு வட்டும் ஒரே கோப்பாக வேண்டும்.

"எல்லாத்தையும் வரிசை மாறாம ஒட்டிடுங்க, அண்ணாச்சி," என்று பென்டிரைவைக் கொடுத்தாள்.

அவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் போட்டுக் கேட்டார். விளையாட்டுக்கு அடுத்து இருந்த சின்னத் துண்டில் சத்தமே இல்லை. ஒலியைக் கூட்டினார். காதை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்குவதுபோல அதை எடுத்துப் போட்டுவிட்டு மற்றவற்றை ஒட்டினார்.

போட்டி நாளன்று காலை எமுலேட்டரில் ஏற்றியதும் விளையாட்டு திறந்தது. புள்ளிகள் விழுந்தன. அவரே ஆடிப் பார்த்தார். பேச்சிமுத்து என்ற எதிராளிப் பையனும் ஆடினான். குறை ஒன்றும் தெரியவில்லை.

எப்சிபா குச்சிகளை எடுத்தாள். முதல் அடி தப்பியது. இரண்டாவதும் தப்பியது. பாட்டு முடிவதற்குள் அவள் கணக்கு பூஜ்யத்தில் நின்றது.

"அப்பா, பாட்டுக்குத் தலையைக் காணோம். நடுவுல இருந்து பாடுது."

"இல்லம்மா, சரியாத்தான் ஓடுது. நான் ஆடினேனே."

"என்ன எப்சிபா, மூணு வருசம் ஜெயிச்சாச்சு, இப்ப பாட்டு மேல பழி போடுதியா?" என்றான் பேச்சிமுத்து.

அவள் திரும்பவும் ஆடினாள். திரும்பவும் பூஜ்யம். குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்கும் சரியா இருக்குன்னா என் காதுதான் கெட்டுப்போச்சு. பேரை எடுத்துடச் சொல்லுங்கப்பா."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தக் காதுதான். அதையும் சந்தேகப்பட அவள் அன்றுதான் கற்றுக்கொண்டாள். ஞானசிகாமணி தாஹிராவைத் தேடிப் போனார். அவள் பக்கத்து அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குருவே, விளையாட்டு எங்க கண்ணுக்குச் சரியா இருக்கு. அவ காதுக்குத் தப்பா இருக்கு. எதை நம்ப?"

தாஹிரா நாற்காலி மேல் கிடந்த போர்வையை எடுத்து வந்து திரையை மூடினாள்.

"ஆடுங்க, அண்ணாச்சி."

"புள்ளி தெரியலையே."

"பாட்டு கேக்குதுல்லா?"

ஆடினார். ஓரடிகூடச் சேரவில்லை.

"எனக்குத்தான் தாளம் வராதே."

"பேச்சி, நீ வா."

பேச்சிமுத்து சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பாட்டு மனப்பாடம். நாலைந்து அடி அடித்தான். எல்லாம் தப்பு. முகம் சிறுத்துவிட்டது.

"அக்கா, தொடக்கமே வரலையே. பாட்டு முன்னாடி ஓடுது, அடி பின்னாடி விழுது!"

"அதத்தானடா நான் காலைலேருந்து சொல்லுதேன்," என்றாள் எப்சிபா மூலையிலிருந்து.

தாஹிரா திரும்பினாள். "எல்லாத்தையும் ஒட்டினீங்களா, அண்ணாச்சி?"

"ஒண்ணே ஒண்ணை விட்டுட்டேன். அதுல சத்தமே இல்ல. கெட்டுப்போன துண்டுன்னு நினைச்சேன்."

"கெடல. வட்டே அப்படித்தான். நாலு விநாடி சும்மா இருக்கும். விளையாட்டு, வட்டோட தலையிலேருந்து தூரத்தை அளந்து போய்த்தான் பாட்டை எடுக்கும். நாலு விநாடி குறைஞ்சா, தொடக்கத்துல போய் நிக்கிறதா நினைச்சு நாலு விநாடி தள்ளி நிக்கும்."

ஞானசிகாமணி கணினி முன் உட்கார்ந்தார். அவர் ஒட்டாமல் விட்ட துண்டு பென்டிரைவில் அழியாமல் இருந்தது. விளையாட்டு, அடுத்து ஓசையில்லாத துண்டு, அதன் பின் பாட்டுகள். ஒவ்வொன்றின் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். மறுபடி ஒட்டினார்.

பாட்டு தொடங்கியது. எப்சிபாவின் தலை நிமிர்ந்தது.

"தலை வந்துட்டுப்பா!"

அன்று சாயங்காலம் மாடி நிறைந்துவிட்டது. படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். கடைசி ஆட்டம் பேச்சிமுத்துவுக்கும் எப்சிபாவுக்கும். அவன் முதலில் ஆடி, இரண்டே இரண்டு அடிதான் தவறவிட்டான். விசில் பறந்தது.

"இதுக்கு மேல என்ன செய்வே?" என்றான்.

"ரெண்டையும் சேர்த்து அடிப்பேன்."

முரசின் முன்னால் போய் நின்றாள். குச்சிகளை உயர்த்தினாள். பாட்டு இன்னும் வரவில்லை. கூட்டம் மூச்சடக்கி நின்றது. பிறகு பாட்டு வந்தது, அதோடு அவள் கைகளும் வந்தன. கோடை மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுவதுபோல ஒன்று, இன்னொன்று; அப்புறம் எண்ண முடியாத பொழிவு. ஓரடி பிசகவில்லை. வேகப் பாட்டின் முடிவில் இரண்டு குச்சியும் ஒன்றாக இறங்கியபோது திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஒருவரும் காத்திருக்கவில்லை. அறையே கத்தியது. பேச்சிமுத்துதான் முதலில் ஓடிப்போய் அவள் கையைத் தூக்கிப் பிடித்தான்.

"அப்பா, என் காது சரியாத்தான் இருக்கு!"

"ஆமாம்மா," என்றார்.

கூட்டம் இறங்கிப் போன பிறகு தாஹிராவோடு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"குருவே, எல்லாம் புரிஞ்சுது. ஒண்ணு மட்டும் மனசு ஏத்துக்க மாட்டேங்குது. ஒண்ணுமே இல்லாத துண்டுக்கு அவ்வளவு இடமா?"

தாஹிரா நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"குச்சியை ஓங்கிட்டு எப்சிபா நின்னாள்ல, முதல் அடிக்கு முன்னாடி. அப்ப என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. சும்மா நின்னா."

"அதை மட்டும் எடுத்துப் போட்டுட்டு, மிச்சத்தை ஆடிக் காட்டச் சொல்லுங்க, அண்ணாச்சி."