தளவாய் பாட்டு

வில்லிசைப் புலவர் முத்தாரம்மாளுக்கு நாற்பத்தொரு வயது. அவருடைய சீடர் நயினாருக்கு ஐம்பத்து நான்கு. அவர் சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் அவரை ஆசான் என்பார்.

நயினார் இருபத்தாறு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்த பஸ்ஸில் தினமும் ஒரு கேசட் ஓடும். முத்தாரம்மாள் பாடிய கிணற்றுக் கதை. விசிலை வாயில் கவ்விக்கொண்டே அதைக் கேட்டவர், ஒருநாள் தோள்பையைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்துவிட்டு முத்தாரம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

அந்தப் பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

"மொதல்ல குடம் அடிங்க அண்ணாச்சி" என்றார் முத்தாரம்மாள்.

நாலு வருஷம் வில்லுக்குத் தாளமாக மண்குடம் அடித்தார். பாட்டு வரவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை.

முத்தாரம்மாள் அந்த இடத்துக்கு வந்தது லேசான காரியமில்லை. பதினைந்து வயதில் ஒரு குழுவில் பின்பாட்டுக்காரியாகச் சேர்ந்தவர். சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார். அதைத் தலைமைப் புலவர் தன் பாட்டாகப் பாடுவார். இருபதாவது வயதில் பனைமரக் கம்பை வாங்கித் தானே வில் வளைத்து, தானே மணி கட்டினார். பொம்பளை வில்லுக்குப் பக்கத்தில் உட்கார ஆம்பிளைகள் யாரும் வரவில்லை. பீடி சுற்றிக்கொண்டிருந்த அவர் அம்மாவே வந்து ஜால்ரா தட்டினாள். முதல் வருஷம் இரண்டே இரண்டு கோயில் கொடை விழாவுக்குத்தான் கூப்பிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆவரம்பொட்டலில் கிணறு வெட்டும்போது வேட்டு வெடித்து நாலு பேர் செத்தார்கள். முத்தாரம்மாள் நடந்தே அந்த ஊருக்குப் போனார். விசாரித்தார். பதினாறாம் நாள் விசேஷத்தில் கதையைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். ஊரே விம்மியது. வேட்டு வைத்த தளவாய் குடித்திருந்தான், வெடிமருந்தைத் தாறுமாறாக அடைத்தான், தான் மட்டும் கிணற்றில் இறங்காமல் மேலே நின்றுகொண்டான் என்பது கதை. அதில் ஒரு அடி எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

*அளவாய்க் குடிச்சானா? – இல்லை,*
*ஆளைக் குடிச்சான் தளவாய்.*

கேசட் வந்தது. வானொலி கூப்பிட்டது. பட்டணத்து மேடைகள் கூப்பிட்டன. எந்தக் கொடைக்குப் போனாலும், சாமி கதை முடிந்ததும் சனம் கிணற்றுக் கதையைக் கேட்கும்.

ஒரு ஊரில் நடுப்பகல் உச்சிக்கொடை முடிந்து, வில்லை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கொடையில் கிணற்றுக் கதையை நீங்கள் பாடுங்கள் என்று முத்தாரம்மாள் நயினாரிடம் சொன்னார். நயினாருக்கு வெயில்கூடத் தெரியவில்லை. குடத்தை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் ஒரு அம்மாள் வந்தாள். பெயர் சீனியம்மாள் என்றாள். கிணற்றில் செத்த நாலு பேரில் ஒருவன் அவள் புருஷன்.

அவள் அழவில்லை. நின்றபடியே சொன்னாள். அன்றைக்குக் காலையில் தளவாய் அவள் வீட்டில்தான் கம்பங்கஞ்சி குடித்தான். கள்ளோ சாராயமோ அவன் தொட்டதே கிடையாது. வைத்த வேட்டில் ஒன்று வெடிக்கவில்லை. திரி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும், இன்றைக்கு யாரும் இறங்க வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தளவாய் கையெடுத்துக் கும்பிட்டான். கிணற்றுக்காரர் கேட்கவில்லை. இறங்காதவனுக்கு இனி வேலை இல்லை என்றார். நாலு பேர் இறங்கினார்கள்.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று நயினார் கேட்டார்.

"கிணத்துக்காரர் தோட்டத்துலதான எனக்கு வேலை. பிள்ளைகளை வளக்கணும்லா. போன மாசம் அவரு காலமாயிட்டாரு. அதான் வந்தேன்."

முத்தாரம்மாள் அவிழ்த்த கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "விசாரிக்கப் போன அன்னைக்கு நான் கிணத்துக்காரர் வீட்டுலதான் சாப்பிட்டேன்."

வீடு திரும்பும் வழியில் நயினாருக்கு மனசு ஆறவில்லை. கைக்கு வந்த பாட்டு கை நழுவிப் போகிறதே என்ற வருத்தம் ஒருபுறம். அப்படி நினைக்கிறோமே என்ற வெட்கம் ஒருபுறம். பாட்டையே விட வேண்டாம், அந்த ஒரு பேரை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்டார்.

முத்தாரம்மாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குள் நுழைந்தார். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரை அடையாளம் தெரிந்து ஒருவர் பெஞ்சில் இடம் விட்டார். ஒரு பாட்டுப் பாடட்டுமா என்று முத்தாரம்மாள் கேட்டார். எல்லாருக்கும் சந்தோஷம்.

"அளவாய்க் குடிச்சானா? இல்லை, ஆளைக் குடிச்சான்..."

அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்.

"தளவாய்" என்றது கடை முழுவதும். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சேர்ந்து சொன்னார்.

முத்தாரம்மாள் நயினாரைப் பார்த்தார். நயினார் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து தளவாயைத் தேடினார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. நாலு ஊர் தள்ளி ஒரு செங்கல் சூளையில் காவலுக்கு இருந்தார். அங்கே அவர் பெயர் முருகன். தலை முழுவதும் நரைத்திருந்தது. வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

முத்தாரம்மாள் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தளவாய் வாசற்படியிலேயே நின்றார். பிறகு, விட்டுவிடுங்கள், எனக்குப் பழகிவிட்டது என்றார். மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் அப்பா பேரைக் கேட்டுவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள் என்றார். மகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது வடக்கே எங்கோ இருக்கிறார்கள். அங்கே யாருக்கும் பாட்டுத் தெரியாது.

முத்தாரம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். அன்று என்ன கிழமை, எத்தனை குழி போட்டீர்கள், எது வெடிக்கவில்லை, கும்பிட்டபோது சரியாக என்ன வார்த்தை சொன்னீர்கள். காலையில் ஆரம்பித்தது பொழுது சாயும்வரை நீண்டது. கடைசியில் தளவாய் அந்த வார்த்தைகளைச் சொன்னார். சொல்லும்போது அவர் கை தானாகக் குவிந்தது.

திரும்பி வரும்போது நயினார் கேட்டார். "எல்லாம் கேட்டிய. மன்னிப்பு மட்டும் கேக்கலையே, ஆசான்?"

"கேட்டா அவர் குடுத்துருவாரு அண்ணாச்சி. அப்புறம் எனக்கு வேலை இல்லாமப் போயிரும்."

புதுப் பாட்டு கட்ட ஆறு மாதம் பிடித்தது. பழைய மெட்டை முத்தாரம்மாள் தொடவில்லை. அந்த மெட்டு இருந்தால் பழைய அடியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். இருபது வருஷம் சோறு போட்ட மெட்டு அது. அதை விட்டுவிட்டு, ஏற்றம் இறைக்கிறவர்கள் பாடுகிற மாதிரி மெதுவான ஒன்றைப் பிடித்தார்.

*உள்ளே புகையுது, இறங்காதீய – என்*
*உசிரோட பிறந்தவரே, இறங்காதீய.*

தளவாய் சொன்ன வார்த்தை, அவர் சொன்னபடியே.

முதலில் கூப்பிட்ட ஊரில் புதுப் பாட்டைப் பாடினார். ஆரம்பிக்கும் முன்னால், முன்பு நான் பாடியது பொய், தளவாய் குடிக்கவில்லை, சரியாக விசாரிக்காமல் பாடியது என் குற்றம் என்று மைக்கில் சொன்னார். சனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பழசைப் பாடு என்று கத்தினார்கள். அடுத்த ஊரில் மைக்கை அணைத்தார்கள். முத்தாரம்மாள் மைக் இல்லாமலே பாடினார்.

விஷயம் பரவியது. கொடைகள் குறைந்தன. தபேலாக்காரர் வேறு குழுவுக்குப் போனார். பழைய பாட்டை இன்னொரு குழு எடுத்துக்கொண்டது. கூட்டம் அங்கே போயிற்று. முத்தாரம்மாள் கூப்பிடாத ஊர்களுக்கும் போனார். பழைய பாட்டை எந்தெந்த ஊரில் பாடினாரோ அந்த ஊர்களுக்கெல்லாம் போய், சந்தையிலும் ரேஷன் கடை வாசலிலும் வில்லை இறக்கி வைத்தார். நயினார் குடத்தைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் போனார். கண்டக்டர் வேலையில்கூட இத்தனை ஊர் அவர் பார்த்ததில்லை.

மூன்றாவது வருஷம், சாமி கதை பாட ஆவரம்பொட்டலுக்கே கூப்பிட்டார்கள். உச்சிக்கொடை. பந்தல் நிறைய ஆள். சாமி கதை நன்றாகப் போயிற்று. அது முடிந்ததும் முத்தாரம்மாள் வீசுகோலை மடியில் வைத்துவிட்டு, தளவாய் குடிக்கவில்லை என்று ஆரம்பித்தார்.

கொடைக் கமிட்டித் தலைவர் எழுந்தார். எங்கள் ஊர்க் கிணற்றுக்காரரைக் குற்றம் சொல்லவா கூப்பிட்டோம், பழசைப் பாடுவதானால் பாடு, இல்லாவிட்டால் நாங்கள் எழுந்து போகிறோம் என்றார்.

முத்தாரம்மாள் வீசுகோலை எடுத்து வில்லில் தட்டினார். மணிகள் பேசின.

*உள்ளே புகையுது, இறங்காதீய.*

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் ஒரு வரிசை எழுந்தது. அப்புறம் இன்னொரு வரிசை. பாட்டு பாதியில் இருக்கும்போதே பந்தல் காலியாகிவிட்டது. கடைசியில் சீனியம்மாளும், காது கேட்காத ஒரு கிழவரும், பாயில் தூங்கிப்போன இரண்டு குழந்தைகளும்தான் மிச்சம்.

முத்தாரம்மாள் ஒரு அடியையும் விடாமல் முடித்தார். கிணற்றில் செத்த நாலு பேர் பெயரையும் சொல்லி, ஐந்தாவதாகத் தளவாய் பெயரையும் சொல்லி, வாழி பாடினார்.

நயினார் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். உள்ளங்கை சிவந்து கிடந்தது. மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்தது அப்போது வாய்விட்டு வந்தது.

"ஆளே இல்லாத பந்தல்ல யாருக்கு ஆசான் பாடுதோம்?"

முத்தாரம்மாள் வில்லின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"போனவங்களுக்குத்தான் அண்ணாச்சி. பாதிக் கொடையில ஏன் எந்திரிச்சு வந்தியன்னு வீட்டுல கேப்பாகள்லா. தளவாய் குடிக்கலைன்னு ஒருத்தி பாடுதா, அதான் வந்துட்டேன்னு அவக வாயாலயே சொல்லுவாக. குடத்தை எடுங்க. அடுத்த ஊருக்கு மூணு மணி பஸ்."