லினக்ஸுக்கு வேஷம் கட்டியவர்கள்

மணிக்கூண்டுத் தெருவில் மூளையை வாடகைக்கு விட்டுவிட்டுச் சுகமாக வாழ்ந்தவர்கள் மூன்று பேர்: தளவாய், பிச்சாண்டி, ஆரோக்கியம். இவர்கள்தான் தெருவின் கார் பந்தய அணி. நிஜக் கார் இல்லை, டிவியில் கேம் பெட்டியை மாட்டி ஓட்டுகிற கார். ரயிலடித் தெருவிடம் இரண்டு வருஷம் தோற்றாயிற்று. மூன்றாவதும் தோற்றால் போட்டியிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தக் கவலையில் தளவாய்க்கு நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. இட்லி மட்டும் இறங்கியது.

போட்டியன்று காலையில் கேம் பெட்டி உயிரை விட்டது. வீட்டில் மிச்சமிருந்தது தளவாயின் மனைவி செண்பகவல்லியின் கையடக்கக் கம்ப்யூட்டர். அதில் ஓடுவது லினக்ஸ். அவளுடைய எம்பிராய்டரி டிசைன் அத்தனையும் அதற்குள்தான்.

"எடுத்துக்கோங்க. ஆனா ஆறு மணிக்கு அது என் கைக்கு வரணும். வரலேன்னா வீட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் வளைகாப்புக்குப் போனாள்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மைத்துனன் முத்தரசுக்குத் தளவாய் போன் போட்டார்.

"கவலப்படாதீங்க அத்தான். ஒரு சாப்ட்வேர் அனுப்புதேன். அது லினக்ஸோட அடிமட்டத்துல, கெர்னல்ங்கிற எடத்துல போய் உக்காந்துக்கிடும். கேம் எதக் கேட்டாலும், பழைய பெட்டி பதில் சொல்லுத மாதிரியே சொல்லும். வேற மெஷின்ல ஓடுதோம்னு கேமுக்குக் கடைசி வரைக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்."

அவன் சொல்லச் சொல்லப் பிச்சாண்டி ஒற்றை விரலால் தட்டினார். திரையில் கார் வந்து உறுமியது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வேலை இல்லை.

"வே, சாப்ட்வேர் அது பாட்டுக்குப் பொய் சொல்லுது. நாம கம்ப்யூட்டர இப்படித் தெறந்து வச்சிருந்தா கேம் பாத்துராதா?" என்றார் தளவாய்.

"நியாயமான பேச்சு" என்றார் ஆரோக்கியம்.

செத்த கேம் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுவிட்டு, வெறும் கூட்டுக்குள் கம்ப்யூட்டரை இறக்கினார்கள். காற்று ஓட்டை வழியாகக் கேம் எட்டிப் பார்க்கக் கூடாதென்று டேப் ஒட்டி அடைத்தார்கள். லினக்ஸின் சின்னம் பென்குவின் என்பதால், ஐஸ்கிரீம் கடை காலண்டரில் நின்ற பென்குவினையும் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். அந்த அறையில் 'லினக்ஸ்' என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாதென்று கற்பூரம் அடித்துச் சத்தியமும் ஆயிற்று.

பத்தே நிமிஷத்தில் திரை இருண்டது.

"யாரோ சொல்லிட்டீங்க" என்றார் தளவாய்.

"நான் ஒண்ணும் சொல்லல. ஒரு தடவ தும்மினேன்" என்றார் பிச்சாண்டி.

"தும்மும்போது என்ன நெனச்சீரு?"

பிச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "லினக்ஸத்தான்."

அவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடியும் இருண்டது. இந்தத் தடவை ஆரோக்கியம் தானாகவே எழுந்தார். "நான் வாயத் தொறக்கவே வேண்டாம் வே. என் மூஞ்சியப் பாத்தாலே உண்மை தெரிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டார்.

தனியாக நின்ற தளவாய் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பாகக் கொதித்தது.

"அடப் பாவமே! நாம சொன்ன பொய் தாங்காம காய்ச்சல் வந்துட்டே."

அவருக்கு மனசு கேட்கவில்லை. மூச்சு விடட்டும் என்று டேப்பைப் பிய்த்தார், டேபிள் ஃபேனையும் அதன் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நான்கு மணிக்கு ரயிலடித் தெரு வந்தது. கடைசித் திருப்பத்தில் தளவாயின் கார் மயிரிழையில் முந்தியது. ஜன்னலுக்கு வெளியே மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். தளவாய் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

ஆறு மணிக்குச் செண்பகவல்லி வந்தாள். "எங்க என் கம்ப்யூட்டர்?"

மூவரும் மேஜையைப் பார்த்தார்கள். அங்கே கேம் பெட்டிதான் இருந்தது. கட்டிலுக்கடியில் தேடினார்கள், பரணில் ஏறினார்கள், அரிசி டிரம்முக்குள் கையை விட்டார்கள். தளவாய்க்கு வேர்த்துக் கொட்டியது.

"காலையில பெட்டிக்கு உயிரில்ல, கம்ப்யூட்டர் இருந்துச்சு. இப்ப பெட்டிக்கு உயிர் வந்துட்டு, கம்ப்யூட்டரக் காணோம்" என்று ஆரோக்கியம் யோசித்துச் சொன்னார்.

"ரயிலடித் தெருக்காரனுவ தூக்கிட்டானுவ!" என்றார் பிச்சாண்டி.

செண்பகவல்லி நேராகக் கேம் பெட்டியிடம் போனாள். மூடியைத் திறந்து கம்ப்யூட்டரை எடுத்தாள், டிசைன்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்தாள், வெறும் கூட்டைச் சாக்கில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தளவாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கண் காலி மேஜைமேல் விழுந்தது.

"ஏ வே! நமக்குப் பந்தயம் ஜெயிச்சுக் கொடுத்த கேம் பெட்டியக் காணோமே!"

மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். பெட்டி கிடைத்தால் போட்டுத் தூக்கிவர வேண்டுமே என்று, அந்தச் சாக்கில் கிடந்த குப்பையைத் தெருத் தொட்டியில் கொட்டி உதறிவிட்டு, அதையும் கையோடு எடுத்துப் போனார்கள்.