சொர்ணத்தாய் போட்ட மனு

கோர்ட்டைப் பெருக்கும் சொர்ணத்தாயின் வீட்டை, அவளை விசாரிக்காமலே தீர்ப்பு வாங்கிக் கொழுந்தன் பூட்டிவிட்டான். புருஷன் நட்ட பவளமல்லி உள்ளே நின்றது. தினமும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள்.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி அதே கோர்ட்டில் மனு போட்டாள்.

"மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போகணும், இங்கே வரக் கூடாது!" என்று அதட்டினார் கொழுந்தனின் வக்கீல்.

"இங்க என்னை ஒரு வார்த்தை கேட்கலையே ஐயா. அங்க போய் எதைச் சொல்ல?"

"நோட்டீஸை நீதானே வாங்க மறுத்தே! மார்ச் நாலு, பகல் பதினோரு மணி, உன் வீட்டு வாசல்ல!"

"அன்னைக்கு காலையிலேர்ந்து சாயங்காலம் வரை இந்தக் கோர்ட்லதான் இருந்தேன். வருகைப் பதிவேட்டைப் பாருங்க."

நீதிபதி வரவழைத்துப் பார்த்தார். மார்ச் நாலில் காலையும் சாயங்காலமும் அவள் கையெழுத்து இருந்தது. தீர்ப்பு ரத்தானது.

"வீட்டுச் சாவி, ஐயா?"

"வழக்கு முதல்லேர்ந்து நடக்கணும்மா."

சொர்ணத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் வாய்தா என்னைக்கு, ஐயா?"