ஞானமுத்துக்காகச் சேர்த்த எஃப்.எம்.

கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். ஜமீலா டீச்சர் உள்ளே வந்ததும் மாமா எழுந்து நின்றார். மாமா என்றால் என் மாமனார் மொக்கச்சாமி, டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவுதான். ஆனாலும் வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோவில் அவருக்குக் குரு டீச்சர்தான். உட்காரச் சொன்ன பிறகுதான் மாமா உட்கார்ந்தார்.

மேசைமேல் அவருடைய ரேடியோப் பெட்டி மூடி கழற்றிக் கிடந்தது. பழைய காலத்துப் பெட்டி. அதில் எஃப்.எம். முறையில் பேச வழி கிடையாது. மலைமேலே எஸ்டேட்டில் தனியாக இருக்கிற அவர் சிநேகிதர் ஞானமுத்துவிடம் இப்போது இருப்பதோ எஃப்.எம். மட்டும் பேசுகிற சின்னக் கைப்பெட்டி. அங்கே போன் எடுக்காது. போன மாதம்தான் அவர் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார். காலை ஏழு மணிக்குத் தினமும் கூப்பிடுகிறேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். அதற்காகவே மாமா இரண்டு மாதமாகச் செய்துவந்த எஃப்.எம். சர்க்யூட் பலகையை அவசரமாக முடித்து, பெட்டிக்குள் பற்றவைத்தார்.

மூன்று நாளாகிவிட்டது. ஞானமுத்து குரல் இல்லை.

"நான் பத்தவச்சதுல தப்பா டீச்சர்? இல்ல, அவனுக்கே ஏதும்..." என்றார் மாமா.

டீச்சர் பலகையை மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஏழு மணிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போடி, தேனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் அதே அலைவரிசையில் பேச வந்துவிடுவார்களாம். எஃப்.எம். சேர்த்ததிலிருந்து அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்களாம். இத்தனை நாள் சட்டிக்குள் தலையை விட்டுப் பேசினீர்கள் அண்ணே, இப்போதுதான் மனுசக் குரல் கேட்கிறது என்று ஒருவர் கேலி செய்ததையும் சொல்லிச் சிரித்தார்.

மணி ஏழானது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். குரல்கள் கண்ணாடி மாதிரி இருந்தன.

டீச்சர் மைக்கை வாங்கினார்.

"ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க."

எல்லாரும் அடங்கினார்கள். இரைச்சலை அடைக்கிற குமிழை டீச்சர் திறந்துவிட்டார். பெட்டி முழுக்க மழை பெய்கிற மாதிரி சத்தம். அதற்குள்ளே, எங்கோ அடியில்:

"மொக்கச்சாமி... மூணு நாளா கூப்பிடுறேன்டா..."

மாமா பெட்டிப் பக்கம் காதைக் கொண்டுபோனார். குரல் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது.

"முன்னெல்லாம் ரெண்டு பேர் ஒண்ணாப் பேசினா ரெண்டும் முனகும் டீச்சர். அடியில ஒரு ஆள் இருக்குன்னு தெரியும். இதுல சுவடே இல்லையே."

"எஃப்.எம். அப்படித்தான் சார். பலமா வர்றவரை மட்டும் சுத்தமாக் கொடுக்கும், மெல்ல வர்றவரை அமுக்கிடும்."

"அப்ப எந்தத் திருகைத் திருப்பணும்? சொல்லுங்க, இப்பவே திருப்புறேன்."

ஞானமுத்துக்குப் பதில் சொல்லுகிற அவசரத்தில் மாமா டீச்சரிடமிருந்து மைக்கை வாங்கி, கட்டைவிரலால் பேசுகிற பொத்தானை அழுத்திவிட்டார். அதை அழுத்தினால் எதிர்க்குரல் கேட்காது; பெட்டி ஊமையானது.

டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

"விரலை எடுங்க சார். அவர் இன்னும் முடிக்கல."

மாமா எடுத்தார். இரைச்சலுக்குள் அந்தக் குரல், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான்..." என்று ஆரம்பிக்கும்போது, அடுப்படியிலிருந்து அத்தை, பிள்ளை முழித்துவிட்டான் என்று என்னைக் கூப்பிட்டார். மொச்சையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.