மறந்துட்டேன் பொத்தான்

பங்குக் கோயிலுக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன அறை. குரு ஆக்னஸுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் இன்னாசிமுத்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மகள் வயதுப் பெண்ணை அவர் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

ஆக்னஸ் பராமரித்து வந்தது ஒரு படிப்புச் செயலி. திரையில் கேள்வி அட்டை வரும். மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டு அட்டையைத் திருப்ப வேண்டும். பிறகு 'நினைவிருக்கு', 'மறந்துட்டேன்' என்ற இரண்டு பொத்தான்களில் ஒன்றை நாமே அழுத்த வேண்டும். மறந்த அட்டை சீக்கிரம் திரும்பி வரும். நினைவில் நின்றது நாள் கழித்து வரும். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். எங்கெங்கோ இருப்பவர்கள் கூடிச் செய்தது. அதன் தமிழ் வடிவத்தைப் பழுது பார்ப்பது ஆக்னஸ். ஊருக்குள் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக ஏற்றிக் கொடுப்பது இன்னாசிமுத்து.

அன்று காலை வந்ததும் வராததுமாக அவர் சொன்னார்.

"குருவே, செயலியில கோளாறு."

"என்ன கோளாறு, சார்?"

"என் மருமக ஜெசிந்தா நர்ஸ் வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறா. மகன் கண்ணை மூடினதுக்கப்புறம் அந்த வேலைதான் எங்க வீட்டுக்கு நம்பிக்கை. தினம் சாயங்காலம் அவ படிக்கிற மையத்துக்கே போய், நானே அவ பின்னால நின்னு பார்க்கிறேன். ஒரு தடவைகூட 'மறந்துட்டேன்' அழுத்தினதில்ல. ஆனா மாதிரித் தேர்வுல பாதி மார்க்கு வரல. அட்டை சரியா திரும்பி வர்றதில்லபோல. பிரிச்சுப் பாருங்க."

ஆக்னஸ் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பார்க்கலாம்" என்றாள்.

அதற்குள் மாடிப்படி அதிர்ந்தது. ஜெசிந்தா படிக்கும் பயிற்சி மையத்தின் உரிமையாளர் ரங்கநாயகம் வந்தார். உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"உன் செயலியில ஒரு சின்ன மாற்றம்தாம்மா. யார் யார் 'மறந்துட்டேன்' அழுத்துறாங்கன்னு என் மேசைக்கு வந்துடணும். மக்குகளை முன்னாடியே கழிச்சுடலாம் பாரு."

"முடியாது."

"செய்யத் தெரியாதா?"

"தெரியும். செய்யமாட்டேன்."

"ஓசியில குடுக்கிற சாமானுக்கு இவ்வளவு கிராக்கியா! நான் வேற ஆளை வச்சு மாத்திக்குவேன்."

"தாராளமா. அந்த உரிமை உங்களுக்கும் இருக்கு. மாத்தினதுக்கு வேற பேரு வச்சுக்குங்க. எங்க பேரு கூடாது."

ரங்கநாயகம் இன்னாசிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, நீங்களாவது சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கே மையத்துல எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இதை அழிச்சுடுவேன். உங்க மருமகளும் அங்கதான் படிக்குது."

இன்னாசிமுத்து ஆக்னஸின் மேசையருகே நகர்ந்தார்.

"குருவே, சின்ன மாற்றம்தானே... செஞ்சு குடுத்துடலாமே."

"வாங்க சார், இப்படி உட்காருங்க. இது ஜெசிந்தா படிக்கிற அட்டைங்க. நீங்க அழுத்துங்க" என்றாள் ஆக்னஸ். "ஐயா, நீங்க இவர் பின்னால நின்னு பாருங்க."

முதல் அட்டை இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டது. அது அவருக்குத் தெரியும். அடுத்தது, முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளின் பெயரைக் கேட்டது. காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், எலும்பை எங்கே கண்டார்? முதுகுக்குப் பின்னால் ரங்கநாயகம் தொண்டையைக் கனைத்தார். இன்னாசிமுத்து அட்டையைத் திருப்பினார். "ஆமாமா, இதுதான்" என்று தலையை ஆட்டிக்கொண்டார். விரல் தானாகப் போய் 'நினைவிருக்கு' மேல் அழுந்தியது.

ஆக்னஸ் திரையை அணைத்தாள்.

"சார், அந்த எலும்பு ரெண்டுக்கும் பேரு என்ன?"

"அது... இப்பத்தானே பார்த்தேன்" என்று அவர் அணைந்த திரையைத் தடவினார். காது மடல் வரைக்கும் சூடேறியது.

ரங்கநாயகம் சிரித்தார். "முதல்ல வாத்தியாரைத்தான் கழிக்கணும் போலிருக்கே!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் ஆக்னஸின் பக்கம் திரும்பினார்.

"சரிம்மா, கடைசியாக் கேட்கிறேன். செய்வியா, மாட்டியா?"

"பாவத்தை ரகசியமாச் சொல்ற பாவசங்கீர்த்தனக் கூண்டுல மைக் வைக்கிற வேலை நான் பார்க்கிறதில்லீங்க, ஐயா. மாடிப்படி அந்தப் பக்கம்."

"நாளைக்கு உன் செயலி என் மையத்துல இருக்காது."

"சரிங்க."

அவர் இறங்கிப் போகும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. இன்னாசிமுத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சொன்னதைச் செய்யற ஆளு, குருவே. அழிச்சுடுவார்."

ஆக்னஸ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அவர் கம்ப்யூட்டர்லதானே அழிப்பார்? அங்க படிக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போங்க. பழைய கம்ப்யூட்டரோ, புருஷன் போனோ, இருக்கிறதுல ஏத்திக் குடுங்க. அவர் எத்தனை தடவை அழிச்சாலும் நாம ஏத்துவோம். முதல்ல உங்க வீட்டுல ஆரம்பிங்க."

இன்னாசிமுத்து பென்டிரைவைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"காலையில சொன்னேனே... அந்தக் கோளாறு?"

"ஜெசிந்தாவைக் கதவைச் சாத்திக்கிட்டுப் படிக்கச் சொல்லுங்க, சார். நீங்க வெளியில இருங்க."