கோட்டுக்கு வெளியே

“ஒரே ஒரு ஆட்டம்தான் டீச்சர். இறக்கி விடட்டுமா?” என்று கேட்டார் கொம்பையா.

அவர் பெண்கள் பள்ளி ஒன்றின் கபடிப் பயிற்சியாளர். தவமணி டீச்சரிடம் தொழில் கற்றவர். கேள்வி கேட்பவர் மாதிரிதான் டீச்சர் வீட்டுக்கு வந்தார். வாங்க வந்தது சம்மதம்.

முந்தின நாள் அரையிறுதியில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவர் அணியின் இசக்கியம்மாளின் தலையில் இடித்திருந்தது. அவளுக்குப் பதினாறு வயது. நாளை இறுதி ஆட்டம்.

“வாந்தி எடுத்தாளா?”

“ஒரு தடவை. வெயில்னு நெனச்சேன்.”

“இப்ப?”

“தலை வலிக்குதுங்கா. ஆனா ஆடியே தீரணும்னு ஒரே அழுகை.”

“டாக்டர்ட்ட காட்டினியா?”

“காட்டினா ஆடக் கூடாதும்பாங்களே டீச்சர்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் திட்டவில்லை. சோற்றைக் குழையப் பிசைந்து தட்டோடு உள்ளறைக்குப் போனார்.

“வா.”

அங்கே சுவரோரம் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வயது முப்பதுக்கு மேல் இருக்கும். டீச்சர் ஊட்டினார், வாயைத் துடைத்தார், மறுபடி ஊட்டினார்.

“கனகவள்ளி. என் டீம்ல ரைடு போனவ. பதினஞ்சு வயசுல, அரையிறுதியில தலையில அடி. கிறுகிறுன்னு வருதுன்னா. சோடா வாங்கிக் குடுத்து மறுநாள் இறக்கி விட்டேன். அன்னைக்கும் தலையிலயே அடி. அவ அம்மை போனப்புறம் இங்கதான் இருக்கா.”

அலமாரியில் அந்த வருடத்துக் கோப்பை இருந்தது. அதற்குள் மாத்திரை அட்டைகள் கிடந்தன.

“கபடியில அவுட்டானவ எப்ப திரும்ப உள்ள வருவா?”

“நம்ம டீம் ஒரு பாயிண்ட் எடுத்தா.”

“இவ பத்தொம்பது வருஷமா வெளிய உக்காந்திருக்கா. நானும் அதுக்கப்புறம் எத்தனையோ ஆட்டம் ஜெயிச்சிட்டேன். இன்னும் எத்தனை பாயிண்ட் எடுக்கணும்? நீயும் கோச்சுதானே, சொல்லு.”

கொம்பையா போனை எடுத்தார்.

“இசக்கி, நாளைக்கு நீ ஆடல. அம்மைட்ட போனைக் குடு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

போனுக்குள் ஓவென்று அழுகை. அறை முழுக்கக் கேட்டது. கனகவள்ளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ரொம்ப அழுதுக்கிட்டு இருக்கா டீச்சர்.”

டீச்சர் அடுத்த வாயை உருட்டினார்.

“அழட்டும். அவளுக்கு அழத் தெரியுதுல்லா.”