யானைக்கும் ஒரே கடிவாளம்

புன்னைநாடு என்று ஒரு ராஜ்யம். வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அங்கே ராஜா உண்டு, யானை உண்டு, பல்லக்கு உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. அதெப்படி என்று குறுக்கே கேட்டால் கதை சொல்ல மாட்டேன்.

அரண்மனையில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று ஏரி மதகைத் திறந்து மூடும். ஒன்று கோட்டைக் கதவுக்கு. மூன்றாவது மடைப்பள்ளியில் இட்லிக் கொப்பரைக்கு. மூன்றிலும் ஓடியது ஒரே இயங்குதளம்தான். ஆனால் உள்ளே இருந்த சில்லுகள், அதாவது சிப்புகள், மூன்று தேசத்துச் சரக்கு. ஒன்றின் பாஷை இன்னொன்றுக்குத் தெரியாது. இயங்குதளத்தின் அடிவயிற்றில், அதாவது கெர்னலில், கோளாறு வந்தால் ஓட்டத்தின் நடுவிலேயே நிறுத்தி உள்ளே பார்க்க வேண்டும். அதற்கு டீபக்கர் என்று ஒரு பிழை தேடும் நிரல் எழுதி வைத்திருந்தார் ஆவுடைநாயகம், அரண்மனைக் கம்ப்யூட்டர்காரர். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய பகுதி. அதோடு, இந்தச் சில்லை இப்படி நிறுத்த வேண்டும், அந்தச் சில்லை அப்படி நிறுத்த வேண்டும் என்று சில்லுக்கு ஒன்றாக மூன்று சின்னப் பகுதிகள்.

பிரதானி தாண்டவமூர்த்திக்கு ஆவுடைநாயகத்தைக் கண்டாலே ஆகாது. அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை சபையில் பற்றவைத்தார்.

"மகாராஜா! நிறுத்துவது என்றால் நிறுத்துவதுதானே? அதில் மூன்று விதமா? ஒரு ராஜா, ஒரு ராஜ்யம், ஒரு முறை! மற்றதெல்லாம் வேலை இருப்பதாகக் காட்டுகிற வித்தை."

'ஒரு ராஜா' என்றதிலேயே ராஜா பெருஞ்சிங்கருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "ஆவுடைநாயகம், அந்தத் தனிப் பகுதிகள் மூன்றையும் இன்றைக்கே அழித்துவிடும். முடியாதென்றால் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுக் கிளம்பும்."

ஆவுடைநாயகம் மனசுக்குள் கணக்குப் போட்டார். அழித்தால், மதகு மாட்டிக்கொள்ளும் அன்று ஊரே முழுகும். அழிக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு பரதேசம். ஆனால் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். இது கம்ப்யூட்டருக்கு மட்டுமா, அரண்மனையில் ஓடுகிற எல்லாவற்றுக்குமா?"

ராஜா வாயைத் திறப்பதற்குள் பிரதானி முந்திக்கொண்டார். "எல்லாவற்றுக்கும்தான்! இதில் என்ன பாரபட்சம்?"

"ஆமாம், எல்லாவற்றுக்கும்தான்," என்றார் ராஜா.

"அப்படியானால் முதலில் வாகனங்களில் செய்து காட்டுகிறேன். நம்மிடம் குதிரை இருபது, யானை ஒன்று. ஆகவே கடிவாளமே பொது முறை. யானைக்கென்று தனி அங்குசம், தனிப் பாகன் இனி எதற்கு?"

பாகனை அவன் மாமியார் ஊருக்கு அனுப்பிவைத்தார். பட்டத்து யானைக்குக் கடிவாளம் மாட்டினார். பிறகு பணிவாகக் கும்பிட்டு, "முதல் சவாரிக்குப் பிரதானியைவிடத் தகுந்தவர் யார்?" என்றார்.

சபையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்க முடியுமா? பிரதானி ஏறினார். யானை நாலடி ஒழுங்காக நடந்தது. அப்புறம் ஏரி கண்ணில் பட்டுவிட்டது.

"நில்! நில்லு!" பிரதானி கடிவாளத்தை இழுத்தார். யானை அதை ஏதோ ஈ என்று நினைத்ததோ என்னவோ. நேரே தண்ணீரில் இறங்கி, தன்னோடு பிரதானியையும் சேர்த்துக் குளிப்பாட்டியது.

கரைக்கு ஓடிவந்த ராஜா பதறினார். "ஓய், யானையை நிறுத்தும்!"

"கடிவாளத்தை இழுத்தாகிவிட்டதே மகாராஜா. அதுதான் பொது முறை."

"பாகனைக் கூப்பிடும்!"

"அது தனிப் பகுதி. காலையில்தான் அழித்தோம்."

ராஜா யானையைப் பார்த்தார், மதகைப் பார்த்தார். "மதகுக் கம்ப்யூட்டரும் இப்படித்தான் ஆகுமா?"

"ஆகும் மகாராஜா. இன்றைக்கு யானை ஏரிக்குப் போனது. அன்றைக்கு ஏரி நம்மிடம் வரும்."

"போதும் சாமி! மூன்று பகுதியும் இருக்கட்டும். பாகனும் வரட்டும். நீர் எங்கேயும் போக வேண்டாம். என்ன வேண்டுமோ கேளும்."

ஏரிக்குள்ளிருந்து பிரதானியின் குரல் விடாமல் கேட்டது. "இடது காலை எடு! வலது காலை வை! நான் யார் தெரியுமா?"

"நாலாவதாக ஒரு பகுதி எழுத அனுமதி வேண்டும் மகாராஜா," என்றார் ஆவுடைநாயகம்.

"நம்மிடம் நாலாவது கம்ப்யூட்டர் இல்லையே?"

"கம்ப்யூட்டருக்கு இல்லை மகாராஜா. பிரதானியை நிறுத்தத்தான் இதுவரை ஒரு முறையும் கைவசமில்லை."

ராஜா சிரித்த சிரிப்பில் யானையே திரும்பிப் பார்த்தது. பிரதானி அப்போதும் நிறுத்தவில்லை.